ஷிமாட்சு டிஓசி-எல் + டிஎன்எம்-எல்: கடல்நீரின் கரிம நைட்ரஜனுக்கு வாங்கலாமா?

மும்பையில் கடல்நீர் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: டிஓசி-எல் என்ற கரிமக் கார்பன் அளவியும் அதோடு இணையும் டிஎன்எம்-எல் என்ற நைட்ரஜன் பகுதியும் சேர்ந்த இந்தக் கருவி டிஓஎன்னை, அதாவது கரைந்த கரிம நைட்ரஜனை, நேரடியாக அளக்காது. மாதிரியை 720 டிகிரியில் எரித்து, வரும் நைட்ரிக் ஆக்சைடை ஓசோனோடு வினைபுரியவிட்டு, அப்போது எழும் ஒளியை வைத்து மொத்தக் கரைந்த நைட்ரஜனைச் சொல்லும். கனிம நைட்ரஜனான நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம் மூன்றையும் தனியே அளந்து அதிலிருந்து கழிப்பது நம் வேலை.

அந்தக் கழித்தலில்தான் எல்லாம் இருக்கிறது. நைட்ரேட் தீர்ந்துபோன மேற்பரப்பு நீரில் கனிம நைட்ரஜன் 0.5, டிஓஎன் 5 மைக்ரோமோல் (லிட்டருக்கு) என்றால் பிரமாதமான எண் கிடைக்கும். ஆழ்நீரில் நைட்ரேட் 30, டிஓஎன் 3 என்று வையுங்கள். இரண்டு அளவீட்டிலும் 2 சதவீதப் பிழை இருந்தாலே விடை ±0.9 ஆடும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு! சாக்கடை கலக்கும் தானே கிரீக் நீரிலும் அம்மோனியத்தால் இதே தொல்லைதான்.

அடுத்தது உப்பு. கருவிக்குள் செலுத்தும் 50 மைக்ரோலிட்டர் ஊசி ஒவ்வொன்றும் சுமார் 1.75 மில்லிகிராம் உப்பை, எரிகுழாயில் இருக்கும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மேல் கொட்டுகிறது. மாதிரிக் குப்பிக்கு 4 ஊசி, 50 குப்பி என்றால் 350 மில்லிகிராம். பீக் (திரையில் எழும் சமிக்ஞை முகடு) அகலமாகி வால் நீண்டால் உப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். மேலடுக்கை எடுத்துக் கழுவிச் சுட்டுப் போடுங்கள். குவார்ட்ஸ் குழாய் பால்போல் வெளுத்தால் விரிசலுக்குக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். உதிரிக் குழாய் கையிருப்பில் இல்லாமல் கடல்நீர் வேலையைத் தொடங்கவே கூடாது.

மழைக்காலத்தில் ஓசோனுக்குப் போகும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். சிலிகா ஜெல் நிறம் மாறியதுமே மாற்றுங்கள். பாட்டில்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவாதீர்கள், பிளாங்க் (மாதிரி இல்லாமலே வரும் அளவு) எகிறும், ஹைட்ரோகுளோரிக் போதும். ஜிஎஃப்/எஃப் கண்ணாடி இழை வடிதாளை 450 டிகிரியில் 4 மணிநேரம் சுட்டு வடியுங்கள். உறையவைக்கும் பாட்டிலில் கால்வாசி காலியாக இருக்கட்டும். அம்மோனியா கலந்த தரைத்துடைப்புத் திரவம் அந்த அறைப்பக்கமே வரக்கூடாது.

யூரியா, கிளைசின், ஈடிடிஏ கரைசல்களை ஓட்டி மீட்பை, அதாவது போட்ட நைட்ரஜனில் எவ்வளவு திரும்ப வருகிறது என்பதை, பாருங்கள். நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்புள்ள ஆன்டிபைரின் குறைவாக வரலாம். அதில் ஒரு பகுதி நைட்ரஜன் வாயுவாகிவிட்டால் கண்டறியும் பகுதிக்கு அது தெரியாது.

மாதிரி எண்ணிக்கை குறைவென்றால் இந்தக் கருவிக்குப் பதில், நைட்ரஜனை ஆக்சிஜனேற்றும் காரப் பெர்சல்ஃபேட்டும் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கலன்) போதும். பெர்சல்ஃபேட்டை மறுபடிகமாக்கிப் பிளாங்க்கைக் குறைக்கும் பொறுமை வேண்டும். மேற்பரப்பு நீர் நூற்றுக்கணக்கில் வருகிறதா, அப்போது இந்தக் கருவி தாராளமாக வாங்கலாம். டெமோவுக்கு மட்டும் உங்கள் கடல்நீரையே கொடுத்து, 50 குப்பிக்குப் பிறகும் முதல் குப்பியின் எண் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.