நடுவழியில் நின்ற பழைய கார்: முதலில் கரண்ட்டா, பெட்ரோலா?

ஓடிக்கொண்டிருந்த பழைய கார் திடீரென நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு கட்சி "பெட்ரோல் வருதான்னு பாருங்க" என்று கார்புரேட்டர் பக்கம் கையை நீட்டும். இன்னொரு கட்சி "கரண்ட் அடிக்குதா பாருங்க" என்று பிளக் வயரை இழுக்கும். இரண்டுமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் எதை முதலில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கோளாறு அங்கேயே அகப்படுமா, அடுத்த பயணத்தில் மறுபடி வருமா என்பது முடிவாகிறது. என் ஓட்டு கரண்ட்டுக்குத்தான்.

வண்டி நின்ற விதத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் செத்ததா? அப்படியானால் சந்தேகம் இக்னிஷன் மேல், அதாவது பிளக்கில் பொறி அடிக்க வைக்கும் கரண்ட் பக்கம். இழுவை குறைந்து, குலுங்கி, திணறி, சோக்கை இழுத்தால் கொஞ்சம் தூரம் ஓடி, பிறகு நின்றதா? அது பெட்ரோல் பக்கத்துக் குணம். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீர்வதற்குச் சில நொடிகளாவது ஆகுமே, அதனால்தான் அந்தத் திணறல். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மின்சார டேக்கோமீட்டர் இருந்தால் இன்னொரு தடயம் உண்டு: வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்ஜியத்தில் விழுந்தால், பேட்டரி மின்சாரத்தைப் பொறி அடிக்கும் அளவுக்கு உயர்த்தும் காயிலுக்குப் போகும் மின்சுற்று அறுந்துவிட்டது. கேபிளில் ஓடும் பழைய டேக்கோமீட்டர் இதைக் காட்டாது.

இந்த அடையாளங்கள் திசையைக் காட்டும், தீர்ப்பு சொல்லாது. மெல்ல மெல்லச் சாகும் கண்டென்சர் (பொறி வலுவாக அடிக்க உதவும் சிறு மின்பாகம்), பெட்ரோல் பற்றாக்குறை மாதிரியே திணற வைக்கும்.

பெரிய குழப்பம் சூட்டில்தான். காயிலோ கண்டென்சரோ சூடேறி மக்கர் செய்தாலும் வண்டி நிற்கும். பெட்ரோல் பைப்பில் ஆவி கட்டி 'வேப்பர் லாக்' ஆனாலும் நிற்கும். இரண்டிலும் அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். ஆறவிட்டுக் கிளம்பியவர்கள் வீட்டுக்கு வந்து கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார்கள், கோளாறு காயிலில் உட்கார்ந்திருக்கும். ஆகவே சோதனை சூட்டோடு சூடாக, நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். கரண்ட் சோதனைக்கு எதையும் பிரிக்க வேண்டாம், ஒரு நிமிடம் போதும். பெட்ரோல் பைப்பைக் கழற்றுவதற்குள் பாதிச் சூடு போய்விடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பைப்பைக் கழற்றிப் பெட்ரோல் சிந்திய பிறகு, அதே பானெட்டுக்குள் பொறி அடித்துப் பார்ப்பது தீ விபத்துக்கு வழி. பொறியை முதலில் பார்த்து முடித்துவிட்டுப் பெட்ரோலைத் தொடுவதுதான் பத்திரம்.

சோதனை இப்படி. பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவில் செருகியிருக்கும் தடித்த வயரை உருவி, இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, அதன் உலோக நுனியை இன்ஜினின் வெறும் உலோகத்திலிருந்து சுமார் 6 மி.மீ. தள்ளி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். பட் பட்டென்று சத்தத்தோடு நீலமாக அடித்தால் காயில் வரை நலம். மெலிந்து மஞ்சளாக இழைந்தால் கண்டென்சர், பாயிண்ட் (காயிலின் மின்சுற்றைத் திறந்து மூடும் சிறு சுவிட்ச்), காயில் என்று அந்த வரிசையில் சந்தேகப்படுவேன்.

பொறியே இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா? நடுரோட்டில் நான் எடுப்பது லேம்ப். துருப்பிடித்த இணைப்பில்கூட மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், அது இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. லேம்ப் சுமையோடு சோதிப்பதால் பொய்யான இணைப்பு அங்கே மங்கிவிடும். லேம்ப்பின் ஒரு முனையைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும், மறுமுனையை எர்த்திலும் (இன்ஜினின் வெறும் உலோகம்) வைத்துச் செல்ஃப் அடியுங்கள். மின்னி மின்னி எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் சிறு வயர் அறுந்திருக்கிறது. பொறி நேரத்தைத் தானாக மாற்றும் வேக்குவம் அட்வான்ஸ், உள்ளே இருக்கும் தகட்டை ஆட்டி ஆட்டியே அந்த வயர் உறைக்குள் அறுந்துபோவது உண்டு. வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளே ஷார்ட். மின்சாரம் வரவில்லை என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து காயிலின் சுவிட்ச் முனைக்கு நேரடியாக ஒரு வயர் போட்டுப் பார்க்கலாம். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அதைப் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

காயிலில் பொறி உண்டு, பிளக்கில் இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றிப் பொறியைப் பங்கிடும் ரோட்டாரைப் பாருங்கள். மூடியைக் கழற்றி, நடு வயரின் நுனியை ரோட்டாரின் நடுப் பித்தளைக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, இக்னிஷனைப் போட்டு, மூடியிருக்கும் பாயிண்ட்டை விட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ரோட்டாருக்குள் பொறி பாய்ந்தால், அது உள்ளே கசிந்து ஷாஃப்ட் வழியாக எர்த் ஆகிறது. ரிவெட் அடித்த ரோட்டார்களில் இது அதிகம். புதுசு மாட்டியதுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

மூடி கழன்றிருக்கும்போதே ஒரு முறை செல்ஃப் அடித்து ரோட்டார் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் சுற்றி, ரோட்டார் அசையாமல் நின்றால் கோளாறு கரண்ட்டிலும் இல்லை, பெட்ரோலிலும் இல்லை. டைமிங் செயினோ கியரோ டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவோ போய்விட்டது. ஃபோர்டு மாடல் ஏ போன்ற வண்டிகளின் டைமிங் கியர் உலோகத்தில் இல்லாமல் அழுத்திய நார்ப்பொருளில் செய்தது. பல் உதிர்ந்தால் முன்னறிவிப்பின்றி நிற்கும். கம்ப்ரஷன் தடை இல்லாமல் செல்ஃப் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுவதும் இதன் அறிகுறி. இதற்கு மேல் செல்ஃப் அடிப்பது வால்வுக்குக் கேடு, கட்டி இழுத்துப் போவதுதான் வழி.

பொறி நன்றாக இருந்தால் இப்போது பெட்ரோல். ஏர் ஃபில்டரைத் திறந்து ஆக்சிலரேட்டர் இணைப்பைக் கையால் அசைத்தால் கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் (பல பிரிட்டிஷ் கார்களில் உள்ள எஸ்.யூ. கார்புரேட்டரில் இந்த வசதி இல்லை). பீய்ச்சவில்லையென்றால் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன் பின் வண்டி ஸ்டார்ட் ஆனால் காற்றுத்துளை அடைப்பு. எஸ்.யூ. மின்சார பம்ப் டிக் டிக் என்று அடிக்காவிட்டால் லேசாகத் தட்டிப் பாருங்கள்; தட்டியதும் ஓடினால் உள்ளே கான்டாக்ட் தீய்ந்திருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஆயில் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, வண்டியை ஓட்டக் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுப்பதால், டயஃப்ரமும் ஹோஸும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்ப முடியாது.

இத்தனைக்கும் பிறகு வரும் கேள்வி, பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்பது. 1910-களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களில் வந்தது சார்லஸ் கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன். அந்தப் பாயிண்ட், கண்டென்சர், காயில் ஏற்பாடுதான் 1970-கள் வரை பெரும்பாலான கார்களில் இருந்தது. அதனால் மேலே சொன்ன சோதனைகள் அத்தனை வண்டிக்கும் செல்லும். அது கெட்டால் உப்புத்தாளும் இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் பல சமயம் போதும். எலெக்ட்ரானிக் மாட்யூல் தேயாது, பொறி அடிக்கும் நேரம் (டைமிங்) நகராது, அன்றாட ஓட்டத்துக்கு அதுவே மேல். ஆனால் கெட்டால் முழுசாகக் கெடும், ரோட்டோரத்தில் அதைச் சரிசெய்ய வழியில்லை. இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் கிடந்தாலே தீய்ந்துபோகும் வகைகளும் உண்டு. எலெக்ட்ரானிக் போடுபவர்கள், பாயிண்ட்டோடு கழற்றிய தகட்டை எறியாமல், பாயிண்ட் இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு (பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் சுமார் 0.4 மி.மீ.) வைத்து, நல்ல கண்டென்சர் ஒன்றோடு டிக்கியில் போட்டு வையுங்கள். மாட்டிய பின் ஒரு முறை டைமிங் பார்த்துக்கொண்டால் போதும்.