சத்தம் வருது, படம் வரல: "பேனல் போச்சு" என்றவுடன் டிவியைக் கொடுத்தனுப்பாதீர்கள்

தஞ்சாவூரில் அப்பா அம்மா வீட்டு டிவிக்கு நடந்த கதை இது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால் படித்துவிட்டு அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

43 இன்ச் எல்இடி டிவி, 2020இல் வாங்கியது, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஒருநாள் சாயங்காலம் நியூஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுப்பாகிவிட்டது, சத்தம் மட்டும் வருகிறது. அப்பா போனில் டிவி கம்பெனி பெயரையும் ஊர் பெயரையும் போட்டு சர்வீஸ் சென்டர் என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். எடுத்த பெண் அந்தக் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார், அதனால் சந்தேகமே வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, அதில் போட்டோ எல்லாம் இருந்ததாம், ஆனால் கம்பெனி பெயர் இல்லை, வெறுமனே "சர்வீஸ் இன்ஜினியர்".

வந்தவர் டிவியைச் சுவரிலிருந்து இறக்கக்கூட இல்லை. ரிமோட்டை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு, "பேனல் போயிடுச்சு ஐயா, வோல்டேஜ் ஏறி போர்டும் அடிவாங்கியிருக்கும், ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனாத்தான் தெரியும்" என்று சொல்லி, விசிட்டிங் சார்ஜ் 500 தனியாக, அட்வான்ஸ் 4,000 ஜிபேயில் வாங்கிக்கொண்டு டிவியைத் தூக்கிப் போய்விட்டார். மறுநாள் போன்: பேனல் (படம் காட்டும் திரை), மெயின் போர்டு இரண்டும் மாற்ற வேண்டும், 16,000 ஆகும், பெரியவர் என்பதால் 13,800க்கு முடித்துத் தருகிறோம். பாருங்கள், தள்ளுபடி வேறு!

டிவி திரும்பி வந்தது, படமும் வந்தது. அப்பாவுக்கு அதுவே போதும். நான் அடுத்து ஊருக்குப் போனபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. போட்டவுடன் வழக்கமாக வரும் கம்பெனி லோகோவுக்குப் பதில் வேறு ஏதோ லோகோ வருகிறது. ரிமோட்டே வேறு, "பழைய ரிமோட் இனிமே ஒத்துவராதும்மா" என்று அம்மா கையில் புதிதாக ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது எச்டிஎம்ஐ வேலை செய்யவில்லை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை என்று விட்டிருப்பேன். செட்டாப் பாக்ஸ் வயரைச் செருகலாம் என்று பின்பக்கம் கை விட்டால், உலோகப் பட்டையில் விரல் பட்டதும் சுருக்கென்று ஷாக். பிளக்கைப் பார்த்தால் இரண்டு முள். டிவியோடு வந்தது மூன்று முள் வயர், அதை வைத்துக்கொண்டு ஏதோ பழைய டூ-பின் வயரைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எர்த் இருக்கும்படி செய்த செட்டில் பவர் போர்டிலிருந்து லேசாகக் கசியும் கரன்ட் எர்த் வழியாக இறங்கிவிடும். எர்த்தை எடுத்துவிட்டால் அது பின்பக்க உலோகத்திலேயே நிற்கும், தொடுகிற கைக்காகக் காத்திருக்கும். வாங்கும்போதே டூ-பின்னோடு வரும் டிவிகளும் உண்டு, அவற்றின் இன்சுலேஷன் அதற்கேற்ப இருக்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் சுவர் மாட்டல். டிவியை லேசாக அசைத்தால் ஒரு பக்கம் ஆடுகிறது. பிராக்கெட்டில் நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டிய இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று, அதுவும் குட்டை ஸ்க்ரூ, இரண்டு மூன்று மரையில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே பாய் விரித்துத்தான் அக்கா பையன் விளையாடுவான். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் கோபம் வந்தது. பணத்தை ஏமாற்றுகிறவன் ஏமாற்றட்டும், மீதி இரண்டு ஸ்க்ரூவைப் போட என்ன கேடு?

பக்கத்துத் தெருவில் ரேடியோ காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தேன். பிளக்கைப் பிடுங்கிக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் திறந்தார் (பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் சார்ஜோடு இருக்கும், அதனால் தயவுசெய்து யாரும் வீட்டில் நீங்களாகத் திறக்காதீர்கள்). திறந்ததும் சிரித்துவிட்டார். "தம்பி, இந்த ஸ்டிக்கரைப் பாருங்க." புதுசாக மாற்றியதாகச் சொன்ன பேனலின் பின்னால் தயாரிப்பு ஆண்டு 2020. பழைய பேனல் அப்படியே இருக்கிறது. மாற்றியது உள்ளே இருக்கும் பேக்லைட் எல்இடி பட்டையை மட்டும்தான், அதுவும் ஒன்றை மட்டும். கம்பெனி மெயின் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பல கம்பெனி டிவிக்கும் பொதுவாகப் போடும் யுனிவர்சல் போர்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். லோகோ, ரிமோட் மாறிய மர்மம் அதுதான். நல்ல நிலையில் இருந்த ஒரிஜினல் போர்டுக்கு செகண்ட் ஹேண்டில் நல்ல விலை கிடைக்கும் என்றார்.

சத்தம் வந்து படம் வராத எல்இடி டிவியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேக்லைட்டைத்தான் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்இடி டிவி என்றாலும் உள்ளே இருப்பது எல்சிடி பேனல்தான், அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னால் வரிசையாக எல்இடிகள் எரிய வேண்டும். அவை ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால் ஒரு எல்இடி போனாலே மொத்த வெளிச்சமும் நின்றுவிடலாம். கண்டுபிடிக்கும் வழி ரொம்ப சுலபம்: அறையை இருட்டாக்கி, டிவியைப் போட்டு, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. எங்கள் டிவிக்கு எல்லாப் பட்டையையும் சேர்த்து மாற்றியிருந்தாலே மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார். ஒன்றை மட்டும் மாற்றியதால் மற்றவை எப்போது வேண்டுமானாலும் போகலாமாம். பிக்சர் மோடு டைனமிக்கிலும் பேக்லைட் 100லும் இருந்ததைப் பார்த்து, 60க்குக் குறைத்துவிட்டுப் போனார். வெளிச்சம் அதிகமானால் சூடு அதிகம், சூடு அதிகமானால் எல்இடி ஆயுசு குறைவு. எத்தனை வீட்டில் கடையில் வைத்த செட்டிங்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதோ.

சர்வீஸ் எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள். வாரண்டி கார்டிலோ, டிவி பெட்டியிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ இருப்பதுதான் எண். இதே மாதிரி போலி எண்களில் சிலர் "புக்கிங்குக்கு 10 ரூபாய் கட்டுங்க" என்று லிங்க் அனுப்பியோ, திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொல்லியோ வங்கிக் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள், அப்படிப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும். டிவியை வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், பின்பக்கத்தை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லி, போர்டுகளையும் பேனல் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துவிட்டு அனுப்புங்கள். மாற்றிய பழைய பாகம் கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் "வேற டெக்னீஷியனை அனுப்புறோம் சார்" என்று நழுவிவிடுவார்கள் என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார்.

நான் அந்த ஆளுக்குப் போன் பண்ணி, பேனல் 2020 ஸ்டிக்கரோடு இருக்கிறதே என்றேன். "புது பேனல்லயும் அப்படித்தான் சார் போட்டிருக்கும்" என்றார். சரி, பழைய போர்டைக் கொடுங்கள் என்றால், "அது ஸ்கிராப்புல போயிடுச்சு." ஜிஎஸ்டி பில் கேட்டதும் போன் கட். அதற்கப்புறம் என் எண்ணை எடுப்பதில்லை. கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், ஜிபே ரசீதும், போட்டோக்களும்தான் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

வயரையும் ஸ்க்ரூவையும் அன்றே மாற்றிவிட்டோம், இப்போது ஷாக் இல்லை, ஆடவும் இல்லை. அந்த எண் இன்னும் தேடலில் முதலிடத்தில்தான் நிற்கிறது, கிட்டத்தட்ட ஐந்து நட்சத்திரத்தோடு. விமர்சனங்களைப் படித்துப் பார்த்தேன், பெயர்தான் வேறு வேறு, பாராட்டு ஒரே வாக்கியம். ஒரு நட்சத்திரம் கொடுத்து நடந்ததை எழுதிப் போட்டிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.