நிழலில் நிறுத்தினால் கரண்ட் இல்லை: வேலூர் வெயிலில் ஒரு சோலார் வேன்

சோலார் பேனலுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதிலிருந்து என் வேனைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காட்பாடியில் இருக்கும் மைத்துனர் கூரை மேலேயே ஏறிப் பார்த்துவிட்டு, "மாமா, ஏசி ஓடுமா?" என்று கேட்டார். எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

கூரையில் 330 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-அவர்) லித்தியம் பேட்டரி, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் எம்பிபிடி கன்ட்ரோலர், 1,500 வாட் இன்வெர்ட்டர். இவ்வளவுதான் என் வண்டி. பேட்டரி நிறைந்திருந்தால் இரண்டரை யூனிட் இருக்கும். முக்கால் டன் ஏசி எழுநூறு வாட் இழுக்கும். இரவு பத்து மணிக்குப் போட்டால் ஒன்றரை மணிக்குள் நின்றுவிடும், காலையில் ஃப்ரிட்ஜுக்கும் கரண்ட் மிஞ்சாது. ஏசிக்காக இதில் பணம் போட நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நிழல். கத்திரி வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, வேலூர்க்காரர் யாராவது வண்டியை வெட்டவெளியில் நிறுத்துவாரா? ஒரு புளியமரம் கண்ணில் பட்டால் அதன் அடியில்தான் நிறுத்துவார். அங்கே நிறுத்தினால் பேனல் வேலை செய்யாது. வீட்டு மொட்டைமாடியில் பேனல் வைத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பேனல் மேலே காயும், அவர் கீழே விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். வேனில் பேனலுக்கும் நமக்கும் இருப்பது ஒரே தகரக் கூரை. கரண்ட் வேண்டுமென்றால் நாமும் சேர்ந்து வேக வேண்டும். "பிள்ளைகள் வாடிப்போகிறார்கள், நிழலில் நிறுத்துடா, கரண்ட் எங்கே ஓடிவிடப் போகிறது" என்று அம்மா சொல்லாத பயணம் கிடையாது. நிழலில் நிறுத்தினால் அது ஓடித்தான் விடுகிறது.

பாதி நிழலில் பாதி கரண்ட் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி வராது. என்னுடைய பேனலில் 72 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. நடுவில், மறைந்த பகுதியைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிடும் மூன்று பைபாஸ் டயோடுகள் இருப்பதால் அது மூன்று பகுதிகளாக வேலை செய்கிறது. ஒரே ஒரு செல்லை நன்றாக மறைத்தால் போதும், அந்தப் பகுதி முழுவதும் விலகிக்கொள்ளும். நீளப் பக்கத்து விளிம்பு ஓரமாக நிழல் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு நஷ்டத்தோடு போகும். குட்டைப் பக்கத்து விளிம்பில், ஒரு முழம்கூட இல்லாத நிழல் குறுக்கே விழுந்தால் மூன்று பகுதிகளும் மாட்டிக்கொள்ளும், மொத்தப் பேனலும் படுத்துவிடும். அமிர்தி போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கன்ட்ரோலரின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 480 வாட் காட்டியது. ஒரு வேப்பங்கிளையின் நிழல் மெல்ல நகர்ந்து முன்பக்கப் பேனலின் குட்டை விளிம்பைத் தொட்டது. நிழல் நான்கு விரல் அகலம்கூட இருக்காது. எண் இறங்கி இறங்கி 250-க்கு வந்துவிட்டது. வண்டியை ஆறடி முன்னால் நகர்த்தியதும் பழையபடி ஏறியது. கூரையில் ஏசியும் லக்கேஜ் கம்பியும் வைத்துக்கொண்டு அவற்றின் இடுக்கில் பேனலைச் செருகியிருப்பவர்கள் இதை ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, வெயிலிலேயே நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 660 வாட் வருவதில்லை. அந்த எண் 25 டிகிரிச் சூட்டில் அளந்தது. இங்கே மே மாதத்தில் பேனலின் செல் 70 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைவதால், 45 டிகிரிக்கு 18 சதவீதம் சூட்டிலேயே கரைந்துவிடும். போதாததற்குப் பெங்களூரு நெடுஞ்சாலைப் புழுதி வேறு. வெயில் மிகுந்த ஊர் என்பதால் இங்கே கரண்ட் கொட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: பேனலுக்குப் பிடித்தது வெளிச்சம், சூடு அல்ல. என் வண்டி நன்றாக உழைப்பது பிப்ரவரியில். அதையும்விட நன்றாக உழைப்பது ஏலகிரியில். அங்கே 1,000 மீட்டருக்கு மேலே காற்று குளிர்ந்திருக்கும், வானமும் தெளிந்திருக்கும். கூரையில் பேனல் படுத்தபடி இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. டிசம்பரில் மட்டும் கொஞ்சம் நஷ்டம்.

இப்போது இதை எழுத வைத்த ரிப்பேருக்கு வருகிறேன். இந்தக் கத்திரியில், நல்ல உச்சி வெயிலில், பேட்டரிக்குப் போகும் ஆம்பியர் பூஜ்யமாகிவிட்டது. பேனலில் வோல்டேஜ் இருக்கிறது, ஃபியூஸ் போகவில்லை, இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன. பொருத்திக் கொடுத்த கடைக்குப் போனால் கன்ட்ரோலர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். பேட்டரியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. சத்துவாச்சாரியில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்யும் பையன் ஒருவன்தான் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டதும் கண்டுபிடித்தான். காற்றுப் புகாத மரப்பெட்டிக்குள் பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், சூடு 55 டிகிரியைத் தாண்டியதும் சார்ஜை வெட்டிவிடுகிறது. பேட்டரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது, செய்யவும் வேண்டும். பெட்டியின் இரண்டு பக்கமும் துளை போட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதுபோன்ற ஒரு சின்ன 12 வோல்ட் விசிறியை மாட்டினான். ஒரு மணி நேர வேலை. கன்ட்ரோலருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

நிழல் பிரச்சினைக்கும் ஒரு வழி கண்டிருக்கிறேன். ஒரு பேனலைக் கூரையிலிருந்து கழற்றி, மடக்குக் கால் பொருத்தி, பத்து மீட்டர் வயரோடு தனியாக வைத்திருக்கிறேன். வண்டி மரத்தடியில், பேனல் வெயிலில். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, நீள வயரைப் பேனல் பக்கம் விட வேண்டும். அங்கே 37 வோல்ட் ஓடுவதால் ஆம்பியர் குறைவு, வயரில் வீணாவதும் குறைவு. மாறாக 12 வோல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்தால் வயரே சூடாகும். ஆனாலும் இருபது கிலோவுக்கு மேல் கனமுள்ள கண்ணாடியை நிறுத்துமிடம்தோறும் இறக்கி, காற்றுக்குச் சாயாமல் கல் வைத்து, ஆடுமாடு மிதிக்காமல் காவல் இருப்பது எனக்குச் சலித்துவிட்டது.

சந்தோஷமும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. நாள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டேகால் யூனிட் கிடைக்கிறது. 12 வோல்ட் ஃப்ரிட்ஜுக்கு முக்கால் யூனிட். இரவு முழுக்க ஓடும் பிஎல்டிசி விசிறிக்கு வெறும் 30 வாட். இவை இரண்டையும் நேராகப் பேட்டரியிலேயே இணைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 20 வாட் தின்னும். ஒரு நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் அரை யூனிட் வீண். அதைத் தேவைப்படும்போது மட்டும் போடுகிறோம். அந்தத் தேவைகளில் தலையாயது கிரைண்டர். ஏலகிரியில் பதினோரு மணி வெயிலில் என் மனைவி டேபிள்டாப் கிரைண்டரைப் போட்டு இட்லிக்கு அரைத்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! அது இழுப்பது 150 வாட்தான். முக்கால் மணி நேரம் ஓடினாலும் 0.1 யூனிட்டுக்குச் சற்றுமேல். பேட்டரியைத் தொடாமலே, அந்த நேரத்து வெயிலே உளுந்தை அரைத்துக் கொடுத்துவிட்டது. மாவு பொங்கி வந்தது. மலிவு விலை இன்வெர்ட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள். வீட்டுக் கரண்ட் போல சீரான அலையாகத் தரும் சுத்த சைன் வேவ் இல்லையென்றால் கிரைண்டர் மோட்டார் உறுமும், சூடேறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் மூட்டமாக இருந்தால் பேனலை நம்ப முடியாது. அப்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்றும் டிசி-டிசி சார்ஜர்தான் துணை. 30 ஆம்பியர் சார்ஜர் இருந்தால், கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது அன்றைய ஃப்ரிட்ஜுக்கு ஆகிவிடும்.

இத்தனை சொன்ன பிறகும், வாங்கலாமா என்று கேட்ட மைத்துனரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்தப் பணத்தை வீட்டு மொட்டைமாடியில் போடுங்கள், வண்டிக்கு நல்ல பேட்டரியும் எஞ்சின் சார்ஜரும் போதும் என்றேன். கிரைண்டர் கதையை நானே சொல்லியிருந்ததால் அவர் காதில் இது ஏறவில்லை. பேனல் விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டார். எப்படியும் வாங்கத்தான் போகிறார். பேனல் இரண்டையும் கூரையிலேயே அறைந்துவிடாமல் ஒன்றையாவது கழற்றும்படி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேட்டரிப் பெட்டிக்குத் துளை போடும் இடத்தை அளந்து எழுதியும் கொடுத்திருக்கிறேன்.