ஆமைக்குக் கால்சியம்: கட்டியும் தூளும் கணவாய் ஓடும்

என்னிடம் வளரும் சிவப்புக்காது ஆமைக்கு வயது ஏழு. முதுகு ஓட்டின் நீளம் 19 சென்டிமீட்டர். குட்டியாக வந்த நாளிலிருந்து அதன் ஓடு கெட்டியாக இருக்க வேண்டும் என்ற கவலையில், கடைகளில் கால்சியம் என்ற பெயரில் விற்கப்படும் மூன்று வகைப் பொருட்களையும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் ஒன்று மட்டுமே இன்றும் தொட்டியில் இருக்கிறது. நீரில் வாழும் ஆமையை மனதில் கொண்டே இதை எழுதுகிறேன். நில ஆமை வளர்ப்பவர்களுக்குச் சில முடிவுகள் தலைகீழாக அமையும்.

முதலில் வாங்கியது ஆமை வடிவிலேயே வார்க்கப்பட்ட வெள்ளைக் கால்சியம் கட்டி. தொட்டியில் போட்டால் போதும், நீர் வழியாகவே ஆமைக்குக் கால்சியம் சேர்ந்துவிடும் என்று உறை சொன்னது. எந்தச் சேர்மம், எத்தனை சதவீதம் என்ற விவரம் மட்டும் அதில் இல்லை. இவ்வகைக் கட்டிகளில் பல ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டால் ஆனவை. அதன் எடையில் கால்சியம் சுமார் 23 சதவீதம்தான். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம். அது குறையாகத் தோன்றாவிட்டாலும், ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டி இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து ஆமை தின்கிறது என்று நான் மகிழ்ந்திருந்த நாட்களில், அது உண்மையில் நீரின் கடினத்தன்மையைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தது. கட்டியின் மேல் ஒரு பல்தடம்கூட இல்லை (ஆமைக்குப் பல் கிடையாது என்பது வேறு விஷயம், அலகுத்தடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). நீர்மட்டம் தொடும் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏறியதுதான் கண்ட பலன். ஆமைக்குத் தேவையான கால்சியம் வாய்வழியாக, உணவோடு போக வேண்டியது. இந்தக் கட்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தூள். பொருள் என்ற அளவில் இதில் குறை சொல்ல அதிகம் இல்லை. நல்ல தூள் என்பது நுண்ணியதாக அரைத்த, பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட். பாஸ்பரஸ் இல்லாமை ஏன் முக்கியம் என்றால், உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது ஆமைக்கு நல்லது. ஆனால் எலும்பு நீக்கிய வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பல மடங்கு இருக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் தூள் தேவைப்படுகிறது. அதிலும் பாஸ்பரஸ் இருந்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது போலாகும்.

சிக்கல், தூளை ஊட்டும் விதத்தில் இருக்கிறது. சிவப்புக்காது ஆமை கரையில் வைத்து உணவை விழுங்காது. கவ்விய துண்டை நீருக்குள் இழுத்துச் சென்றால்தான் அதனால் விழுங்க முடியும். தூள் தூவிய கீரையை அது கவ்வி இழுத்த மறுகணமே தூள் முழுவதும் பால் போலக் கலைந்து நீரின் மேல் ஆடையாக மிதந்தது. ஜெலட்டினில் மீனையும் கீரையையும் அரைத்துக் கலந்து, தூளையும் சேர்த்து உறையவைத்துத் துண்டு போட்ட பிறகுதான் அது வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. வாரந்தோறும் அதைச் செய்யும் பொறுமை எனக்கு மூன்று மாதங்களே இருந்தது. தட்டில் வைத்த இலையைக் கடித்துத் தின்னும் நில ஆமைக்கோ தூளைவிட எளிய வழி வேறில்லை.

தூளில், குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவும் வைட்டமின் டி3 கலந்தது, கலக்காதது என இரண்டு உண்டு. நான் கலக்காததையே வாங்கினேன். டி3 கொழுப்பில் கரைவது; மிகுந்தால் எளிதில் வெளியேறாமல் உடலில் தங்கி, சிறுநீரகம், இரத்தக் குழாய் போன்ற இடங்களில் கால்சியம் படியச் செய்யும். ஆமைக்கான குருணை உணவில் பெரும்பாலும் டி3 ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருப்பதால், தூளிலும் அதைச் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, கடல்நுரை என்றும் சொல்லப்படும் கணவாய் ஓடு, அதாவது கணவாய் மீனின் உடலுக்குள் இருக்கும் ஓடு. கூண்டுப் பறவைகளுக்காக விற்கப்படும் அதே பொருள்தான். நிறமோ சுவையோ சேர்க்காததைத் தேர்ந்தெடுத்து, கூண்டில் மாட்டும் கம்பிக் கொக்கி இருந்தால் கழற்றிவிட வேண்டும். ஒரு பக்கம் நகத்தால் கீறினாலே மாவாக உதிரும். மறுபக்கம் கெட்டியான தகடு. அந்தத் தகட்டைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்துக் கத்தியால் சீவி நீக்கிய பிறகே தொட்டியில் போடுகிறேன், ஏனெனில் அதன் விளிம்பு கூர்மையாக உடைகிறது. முதல் இரண்டு நாள் மிதக்கும் அந்த வெள்ளைத் துண்டைக் கண்டு ஆமை விலகியே நீந்தியது. மூன்றாம் நாள் காலையில் துண்டின் ஓரத்தில் வரிசையாக அலகு கடித்த பிறைகள் தெரிந்தன. அதன் பிறகு இரவில் அது கொறிக்கும் சத்தம் பக்கத்து அறை வரை கேட்கிறது. வேண்டும்போது கடிக்கிறது, வேண்டாதபோது வாரக்கணக்கில் தொடுவதில்லை. அளவை நான் கணக்கிட வேண்டிய தொல்லை இல்லை. கொறிப்பதால் அலகும் அளவாகத் தேய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. உதிரும் துகள்கள் ஃபில்டரின் பஞ்சை அடைப்பதால், அதை முன்பைவிட அடிக்கடி அலச வேண்டியிருக்கிறது. தவிர, சில ஆமைகள் இதைக் கடைசிவரை சீண்டுவதே இல்லை. அவற்றுக்கு இதையே சுரண்டி ஜெலட்டின் உணவில் கலப்பதுதான் வழி.

மூன்றில் எதை வாங்கினாலும், புற ஊதா பி கதிர் தரும் விளக்கு இல்லாவிட்டால் உண்ணும் கால்சியத்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டி உடலில் சேராது. ஆமையின் தோல் டி3-ஐ உருவாக்க 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால், ஜன்னலோரத்தில் தொட்டியை வைப்பது பயன் தராது. விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கதிர் சில மாதங்களில் குறைந்துவிடுவதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஓடு ஏற்கெனவே அழுத்தினால் அமுங்கும் நிலைக்கு வந்துவிட்ட ஆமைக்கு இவை எதுவும் மருந்தாகாது. அதைக் கால்நடை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

என்னுடையது பெட்டை. சென்ற முறை முட்டையிடுவதற்கு முந்தைய வாரத்தில், வழக்கமாக ஒரு மாதம் வரும் துண்டை இரண்டே நாளில் தின்று தீர்த்தது. அன்றிலிருந்து அலமாரியில் இரண்டு ஓடுகள் எப்போதும் இருப்பு வைத்திருக்கிறேன்.