அட்டன்ல ஒரு ராத்திரி, அக்கா மகன் கால்

லண்டன்ல இருந்து மூனு வாரம் லீவுல இலங்கை மலையகத்துல அட்டன் பக்கம் நம்ம தோட்டத்துக்குப் போயிருந்தேன், நாலாம் நாளே அக்கா மகன் மழையில லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) படியில வழுக்கி முழங்காலுக்குக் கீழ எலும்ப முறிச்சிக்கிட்டான். 1990ங்கிற நம்பருக்கு போன் அடிச்சோம், சுவசெரிய அம்புலன்ஸ் அந்தக் குண்டு குழி ரோட்டுல ஆடி ஆடி வந்து ஏத்திட்டுப் போச்சு, ஒரு சதம் வாங்கல.

ஆஸ்பத்திரி பேரு வேணாம். சுத்தி ப்ளாஸ்டர் போட்டு படுக்க வச்சாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல கத்த ஆரம்பிச்சிட்டான், வலிக்கு ஊசி போட்டும் அடங்கல, நர்ஸ் மிஸ் வந்து பாதத்துல நாடி பாத்துட்டு ரத்தம் ஓடுது, பயத்துல கத்துறான்னு போயிட்டாங்க, ரெண்டு தடவை. நான் வேற பெரிய இவன் மாதிரி காலுக்கடியில ரெண்டு தலைகாணி அடுக்கி வச்சேன்.

ஒரு மணிக்கு வந்த சின்ன டொக்டர் பெருவிரல லேசா மேல மடக்கினாரு, வார்ட்டே முழிச்சிருச்சு. மொதல்ல என் தலைகாணிய உருவினாரு, தூக்கி வச்சா காலுக்குப் போற ரத்தம் இன்னும் கொறையுமாம். ப்ளாஸ்டர வெட்டிப் பிரிச்சும் வலி எறங்கல, கெண்டக்கால் பலகை மாதிரி இருந்துச்சு. இதுக்குப் பேரு கம்பார்ட்மென்ட் சின்ட்ரோமாம், தசைய மூடியிருக்குற உறை விரியாது, உள்ள வீங்க வீங்க சின்ன ரத்தக் குழாய்ங்கதான் மொதல்ல நசுங்கும், பெரிய குழாய் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால நாடிய மட்டும் நம்பி இருக்கக் கூடாதுன்னாரு.

தசைக்குள்ள இருக்குற அழுத்தத்த அளக்க தனி மெஷின் இருக்காம், அங்க இல்ல. ஊசி, பாதி சேலைன் ஏத்துன டியூப், மூனு பக்கம் தெறக்குற குட்டிக் குழாய், காத்து இழுத்த சிரிஞ்ச், பிரஷர் பாக்குற மெர்குரி மெஷின், அவ்வளவுதான். 1975ல வைட்சைட்ஸ்னு அமெரிக்க எலும்பு டொக்டர் எழுதி வச்ச முறை. ஊசிய தசைக்குள்ள எறக்கி சிரிஞ்ச மெதுவா அமுக்குறாரு, டியூப்ல நிக்கிற சேலைன் அசையத் தொடங்குற நேரம் மெர்குரி எங்க நிக்குதோ அதுதான் உள்ள அழுத்தம்.

மெர்குரி 48ல நின்னுச்சு. நல்லா இருக்குற கால்ல 10க்குள்ளதான் இருக்கும். அவன் பிரஷர் 110க்கு 70, கீழ் அளவு 70ல 48 போனா 22, அது 30க்குக் கீழ வந்தா உறைய வெட்டித் தெறக்கணும், ஆறு மணித்தியாலம் போல ரத்தம் இல்லாட்டி தசை செத்துரும்னு சொல்லிக்கிட்டே தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனாரு. ரெண்டு பக்கமும் நீளமா கீறி உறையத் தெறந்து விட்டாங்க, அஞ்சு நாள் தைக்காமலே வச்சிருந்தாங்க, பாக்கவே வயிறு கலங்கும்.

இப்ப நடக்குறான். அக்கா மட்டும் தோட்டம் பூரா அந்தத் தலைகாணி கதையத்தான் சொல்லிட்டுத் திரியுது.