கல்லூரிக் கொள்கைகள்: ஒரே தடிப் புத்தகமா, தனித்தனி ஆவணங்களா?

ராகிங் தடுப்பு, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, மாணவர் குறைதீர்ப்பு, ஆய்வு நேர்மை, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதிகள், விடைத்தாள் மறுமதிப்பீடு, விடுதி, நூலகம், கணினிப் பயன்பாடு, சுற்றுச்சூழல். ஒரு கலை அறிவியல் கல்லூரிக்குத் தேவையான கொள்கைகளை எழுத ஆரம்பித்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எழுதி முடிப்பது ஒரு வேலை. எழுதியதை இன்றைய தேதிக்குச் சரியாக வைத்திருப்பது இன்னொரு வேலை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் குழு வருவதற்கு முந்தைய மாதங்களில் முதல் வேலை எப்படியோ நடந்துவிடும். இரண்டாவது வேலையில்தான் கல்லூரிகள் திணறுகின்றன.

இதற்கு நம் கல்லூரிகளில் வழக்கமாக இரண்டு வழிகள் உண்டு. எல்லாக் கொள்கைகளையும் சேர்த்து பைண்ட் செய்த ஒரே புத்தகம் போடுவது ஒன்று. ஒவ்வொரு கொள்கையையும் தனி ஆவணமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு மறு ஆய்வுத் தேதியையும் கொடுத்து, இணையதளத்தில் ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்துவது மற்றொன்று. எங்களுடையது அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி. பல வருடம் புத்தகத்தோடு இருந்துவிட்டு, பிறகு பிரித்தோம். கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி-யில் இருந்துகொண்டு பிரிக்கத்தான் வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. ஆலோசகர் ஒருவரிடம் பணம் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றிய தயார்ப் பிரதிகளை வாங்குவது. எம்.ஃபில். படிப்பே நின்றுபோன பிறகும் எம்.ஃபில். சேர்க்கை விதிகள் இருக்கும். மாணவர் விடுதியே இல்லாத கல்லூரிக்கு விடுதிக் கட்டுப்பாடு இருக்கும். இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

புத்தகத்துக்கு என்று சில நல்ல குணங்கள் உண்டு. புதிதாகச் சேரும் ஆசிரியர் கையில் ஒன்றைக் கொடுத்தால் போதும். கல்லூரியின் ஆட்சிக் குழுவான கவர்னிங் பாடியில் ஒரே தீர்மானத்தில் ஒப்புதல் வாங்கிவிடலாம். ஒரே குழு உட்கார்ந்து எழுதுவதால் நடை ஒன்றாக இருக்கும். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடம் மறுக்காது. நாக் அனுப்பும் மதிப்பீட்டுக் குழுவான பியர் டீம் மேசையில் வைத்தால் கனமாகவும் தெரியும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அத்தனையும் அச்சான நாளில் கிடைக்கும் நன்மைகள்.

பிரிப்பதா வேண்டாமா என்பதை எங்களுக்குத் தீர்மானித்துக் கொடுத்தது பராமரிப்புதான். கல்லூரிக் கொள்கைகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. ராகிங் தடுப்புக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் ஒவ்வொரு வருடமும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2015 விதிமுறையில் உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று வருடம். குறைதீர்ப்புக் குழுவுக்கு இரண்டு வருடம். நாக் தரச்சான்று பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஐந்து வருடச் சுற்று. இதற்கு நடுவில் யுஜிசி எப்போது எதை மாற்றி அறிவிக்கும் என்பது நம் கையில் இல்லை. புத்தகமோ நாக் சுற்றை ஒட்டித்தான் மறுபதிப்பு காணும். அதாவது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நகரும் பொருளுக்குள் வருடா வருடம் நகர வேண்டிய பகுதிகளை அடைத்து வைக்கிறோம்.

குறைதீர்ப்பையே எடுத்துக்கொள்வோம். 2019 விதிமுறையில் கல்லூரி, துறை, நிறுவனம், பல்கலைக்கழகம் என்று நான்கு அடுக்கில் குழுக்கள் இருந்தன. கல்லூரிக் குழுவுக்கு முதல்வரே தலைவர். 2023 ஏப்ரலில் வந்த புதிய விதிமுறை அந்த அடுக்குகளை எடுத்துவிட்டு, மாணவர் குறைதீர்ப்புக் குழு என்ற ஒரே அமைப்பைக் கொண்டுவந்தது. பேராசிரியர் ஒருவர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நான்கு பேர் உறுப்பினர்கள், மாணவப் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். தலைவரும் உறுப்பினர்களுமாக இருப்பவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லை என்றால் மாணவர் 15 நாட்களுக்குள் ஆம்பட்ஸ்பர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எங்கள் புத்தகத்தில் இருந்தது பழைய நான்கு அடுக்கு. புதிய விதிமுறை பற்றிய சர்க்குலர் வந்தது, ஸ்டாஃப் கவுன்சிலில் வாசிக்கப்பட்டது, ஃபைலில் போனது. புத்தகம் அப்படியே இருந்தது. அந்த நிலையில் இன்டர்னல் மதிப்பெண் குறித்து ஒரு மாணவி மனு கொடுத்தார். அலுவலகத்தில் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, அதில் உள்ளபடி மனுவைத் துறைக் குழுவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழு அப்போது விதிமுறையிலேயே இல்லை. மனு சரியான குழுவுக்கு வந்து சேர்வதற்குள் செமஸ்டர் தேர்வே தொடங்கிவிட்டது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அலுவலகத்தில் இருப்பவர் கையில் இருக்கிற ஆவணத்தைத்தானே நம்புவார்? அந்த ஆவணம் பிழையாக இருந்தால் பாதிக்கப்படுவது கடைசியில் மாணவர்தான். இந்த வேலையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் அதுதான்.

தனி ஆவணமாக இருந்தால் இதே மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும்? மூன்று பக்கத்தைத் திருத்த வேண்டும், அடுத்த கவர்னிங் பாடி கூட்டத்தில் ஒரு அஜெண்டா சேர்க்க வேண்டும், இணையதளத்தில் பழையதை எடுத்துப் புதியதை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான். புத்தகம் என்றால், இதற்காக மட்டும் மறுபதிப்பு போட வேண்டுமா, மற்ற பகுதிகளையும் பார்த்துவிட்டுச் சேர்த்துப் போடலாமா என்ற பேச்சு வரும். சேர்த்துப் போடலாம் என்று முடிவாகும். அப்புறம் அது நடக்காது.

நாங்கள் ஒவ்வொரு ஆவணத்தின் முதல் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் போடுகிறோம். கொள்கையின் எண், எந்த விதிமுறையை ஒட்டி எழுதப்பட்டது, ஒப்புதல் கொடுத்த அமைப்பு, தீர்மான எண், நடைமுறைக்கு வந்த தேதி, அடுத்த மறு ஆய்வுத் தேதி, பொறுப்பாளர். பொறுப்பாளர் இடத்தில் ஆளின் பெயர் வராது, பதவிதான் வரும்: ‘தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்’, ‘நூலகர்’, ‘விடுதிக் காப்பாளர்’ என்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கொள்கையை எப்படி உருவாக்க வேண்டும் என்பதற்கே 4.1 என்று எண்ணிட்ட ஒரு கொள்கை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கொள்கைக்கும் பொறுப்பான நிர்வாகி யார், பொறுப்பான அலுவலகம் எது என்று மேலேயே போட்டுவிடுகிறார்கள். நாங்கள் வைத்திருக்கும் கட்டமும் அதே வேலையைச் செய்கிறது.

பெயர்களும் போன் நம்பர்களும் கொள்கைக்குள் வரக்கூடாது என்பதையும் கறாராக வைத்திருக்கிறோம். அவை பின்னிணைப்பில் ஒரே தாளில் இருக்கும். அந்தத் தாளை மாற்றக் கவர்னிங் பாடி வரை போக வேண்டியதில்லை, முதல்வர் கையெழுத்து போதும். மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள் உண்டு. உள் புகார்க் குழுவில், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் இளநிலை, முதுநிலை, ஆய்வு மாணவர்களிலிருந்து மூன்று பிரதிநிதிகள் சேர வேண்டும். அவர்கள் படிப்பு முடித்துப் போய்விடுவார்கள். ஜூனில் கல்லூரி திறக்கும்போது புகார் கொடுக்க வரும் மாணவி, போன மாதம் ஓய்வு பெற்றவரின் நம்பருக்கு அழைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய பதிப்புகளைத் தூக்கிப் போடக்கூடாது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு தகராறு வரும்போது, சம்பவம் நடந்த அன்று எந்த விதி நடைமுறையில் இருந்தது என்பதுதான் கேள்வியாகும். பிஎச்.டி. விதிமுறை இதற்கு நல்ல உதாரணம். 2016 விதிமுறைப்படி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளும் வேண்டும். 2022 நவம்பரில் வந்த விதிமுறையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் புதிய விதிமுறை அறிவிக்கப்படுவதற்கு முன்பே பதிவு செய்தவர்களுக்கு அவரவர் காலத்து விதிமுறைதான் பொருந்தும். ஆக, ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆய்வாளர்களுக்கு இரண்டு விதிகள். தனி ஆவணமாக இருந்தால் ‘2022 விதிமுறைக்கு முன் பதிவு செய்தவர்களுக்கு’ என்று பழைய பதிப்பையும் பக்கத்திலேயே வைத்துவிடலாம். புத்தகத்தில் பழைய பதிப்பைத் தேட வேண்டுமென்றால் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆய்வு நேர்மை பற்றிய 2018 விதிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கருத்துத் திருட்டு குறித்த கொள்கைக்கு உரிய அமைப்பின் ஒப்புதல் வாங்கி, இணையதளத்தின் முகப்பிலேயே போட வேண்டும் என்கிறது. இருநூறு பக்கப் பிடிஎஃப்பின் நடுவில் எங்கோ இருந்தால் அதை முகப்பில் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்தது தமிழ். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் பெற்றோருக்கு ஆங்கிலத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. முழுப் புத்தகத்தையும் தமிழாக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் பேசுவோம், ஒரு வருடமும் நடந்ததில்லை. பிரித்த பிறகு, மாணவரை நேரடியாகத் தொடும் ராகிங், குறைதீர்ப்பு, உள் புகார்க் குழு, விடுதி ஆகியவற்றை மட்டும் முதலில் தமிழில் கொண்டுவந்தோம். தமிழ்த்துறை ஆசிரியர்களே உட்கார்ந்து செய்தார்கள். சேர்க்கை நாளன்று ஒரு அம்மா ராகிங் தடுப்புத் தாளை முழுக்கப் படித்துவிட்டு, ‘ஹாஸ்டல்ல ராத்திரி நேரத்துல பிரச்சினைன்னா எந்த நம்பருங்க சார்?’ என்று கேட்டார். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் அதில் இருந்தது, விடுதிக் காப்பாளரின் எண் இல்லை. அந்த வாரமே பின்னிணைப்பில் சேர்த்தோம்.

சரி, பிரிப்பதில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. முதலாவது, ஆளுக்கொரு ஆவணம் எழுதும்போது ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு மாணவி ஆசிரியர் ஒருவரின் நடத்தை பற்றிப் புகார் சொன்னால் அது குறைதீர்ப்புக் குழுவுக்கா, உள் புகார்க் குழுவுக்கா? ஒன்றில் 15 வேலை நாள், மற்றொன்றில் விசாரணைக்கு 90 நாள். இரண்டு ஆவணங்களும் ‘புகார் எங்களிடமே வர வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெண் எங்கே போவாள்? இதற்காகவே ‘எந்தப் பிரச்சினைக்கு எங்கே போக வேண்டும்’ என்று ஒரு பக்கத் தாள் தனியாகப் போட்டோம். ஆவணங்கள் அனைத்தையும் வருடத்தில் ஒருமுறை ஒரே ஆள் வரிசையாகப் படித்துப் பார்ப்பதும் அவசியம். புத்தகத்தில் இந்த வேலை தானாகவே நடந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இணையதளம். வடிவமைப்பு நிறுவனத்தை மாற்றினால் இணைப்புகள் மொத்தமாகச் செத்துவிடும். நாக் அறிக்கையில் கொடுத்த முகவரிகளும் சேர்ந்தே போகும். ஒப்பந்தம் போடும்போதே கொள்கைப் பக்கத்தின் முகவரிகள் மாறக்கூடாது என்று எழுதி வாங்குவது நல்லது. கையெழுத்தான அச்சுப் பிரதி ஒரு செட் முதல்வர் அலுவலகத்தில் எப்போதும் இருக்கட்டும்.

நான் சொல்வதெல்லாம் தன்னாட்சிக் கல்லூரி அனுபவம். செனட், சிண்டிகேட் என்று சட்டப்படி இயங்கும் பல்கலைக்கழகத்தில் இது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அரசுக் கல்லூரிகளில் பணியிட மாறுதல் அடிக்கடி வரும் என்பதால், பதவியைப் பொறுப்பாளராக்கும் முறை அங்கே இன்னும் அவசியப்படும் என்று தோன்றுகிறது. கொள்கை நிர்வாகத்துக்கென்றே விற்கும் மென்பொருள்களை நாங்கள் வாங்கவில்லை. ஒரு எக்செல் தாளும் மறு ஆய்வுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு போகும் மின்னஞ்சலும் இதுவரை போதுமானதாக இருந்திருக்கின்றன.

ஆசிரியர் எண்ணிக்கை குறைவான சின்னக் கல்லூரி, பிரிக்கவே முடியாது, புத்தகம்தான் என்றால், குறைந்தபட்சம் பைண்ட் செய்யாமல் ரிங் ஃபைலில் போடுங்கள். ஒவ்வொரு கொள்கையையும் புதிய பக்கத்தில் தொடங்கி, பக்க எண்ணை அந்தந்தக் கொள்கைக்குள்ளேயே 1, 2, 3 என்று கொடுங்கள். மாறிய கொள்கையை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். உருவிய தாள்களில் ‘இந்தத் தேதியோடு நீக்கப்பட்டது’ என்று முத்திரை போட்டுத் தனி ஃபைலில் வையுங்கள். முதலில் திருத்த வேண்டியது எது என்று கேட்டால், குறைதீர்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் ஆவணத்தில் இன்னும் துறைக் குழு, நிறுவனக் குழு என்று இருந்தால் அது 2023-க்கு முந்தையது.