வண்டியை அழகுபடுத்தக் கொடுக்கிறீர்களா? ஒரு சாக்குப் பையை எடுத்துச் செல்லுங்கள்

மதுரையில் மோட்டார் சைக்கிளை மாற்றியமைத்துத் தரும் கடைகளுக்கு வண்டியைக் கொண்டுபோக இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. பணத்தோடு ஒரு சாக்குப் பையையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வண்டியிலிருந்து கழற்றும் ஒவ்வொரு பொருளும், ஒரு போல்ட்டு உட்பட, அந்தப் பையில் விழ வேண்டும். புதிதாக எதை மாட்டுகிறார்கள் என்பதில்தான் நம் கண் இருக்கும். கடையின் கண்ணோ கழற்றுவதில் இருக்கிறது. என்னிடம் அடித்த கொள்ளையின் பெரும்பகுதி அப்படிக் கழற்றியதில்தான்.

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350; பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு ஏற்பத் தயாரித்தது. கடை நகரின் மேற்குப் பக்கம். பெயரை எழுதப் போவதில்லை. விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. நான் கேட்டவை மூன்றே: ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக இரவில் தேனிப் பக்கம் போய்வருகிறவன் என்பதால் கூடுதல் விளக்குகள், இடுப்பை முறிக்காத ஒரு சீட், வண்டி சாய்ந்தால் காலைக் காக்கும் கிராஷ் கார்டு. பேசிய தொகை 18,000 ரூபாய். வண்டி கைக்கு வந்தபோது இவற்றோடு வேறொரு சைலன்சரும், அகலமான பின் டயரும், உயரமான ஹேண்டில்பாரும் சேர்ந்திருந்தன. தொகை 31,000. டயரையும் ஹேண்டில்பாரையும் யார் கேட்டது என்றேன். “வண்டிக்கு எடுப்பாக இருக்கும் என்று போட்டுவிட்டோம் அண்ணே, மாட்டியதைக் கழற்றினால் அதற்குத் தனிக் கூலி ஆகும்” என்று பதில் வந்தது. பணத்தைக் கட்டினால்தான் சாவி கிடைக்கும் என்ற நிலை.

சைலன்சருக்கு மட்டும் கடைத் தம்பி முன்கூட்டியே தொலைபேசியில் பேசினார். “ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கு அண்ணே, உங்களுக்காகப் பாதி விலை. பழையதை எங்களிடமே விட்டுவிடுங்கள், எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக்கூடத் தேறாது.” இந்த வசனத்தை எங்கே கேட்டாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எடைக்குப் போட்டால் தேறாது என்பது பச்சைப் பொய். பிஎஸ்6 வண்டியின் புகைக்குழாய் அமைப்புக்குள் வினையூக்கி மாற்றி என்று ஒரு பகுதி இருக்கிறது; கடைகளில் ‘கேட்கான்’ என்பார்கள். கார்பன் மோனாக்சைடையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுவது அதன் வேலை. அதற்காக உள்ளே பூசியிருப்பவை பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள். மாருதி ஈகோ வண்டிகளில் சைலன்சரை மட்டும் கழற்றிக்கொண்டு ஓடும் திருட்டுகள் பல மாநிலங்களில் செய்தியானது இதனால்தான். ஒரு பைக்கில் இருக்கும் உலோகம் சொற்பம். நாள்தோறும் வண்டிகள் வந்து நிற்கும் கடைக்கு அது சொற்பமல்ல. உடைத்து விற்காவிட்டாலும், அபராதம் கட்டிய பிறகு அசல் சைலன்சருக்குத் திரும்ப நினைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு அதை விற்கலாம். ஒருவரிடம் சும்மா வாங்கி, இன்னொருவரிடம் விலைக்கு விற்கும் இந்த வியாபாரத்தில் இரண்டு பேருமே அவர்களுடைய வாடிக்கையாளர்கள்தான்.

சைலன்சரோடு, அதை இன்ஜினோடு இணைக்கும் பெண்ட் பைப்பையும் கழற்றியிருந்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. புதிதாக மாட்டிய பைப்பில் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்த இடமே கிடையாது. சென்சாரின் வயரை இணைக்கும் கப்ளரில் டேப்பைச் சுற்றி டேங்குக்கு அடியில் திணித்திருந்தார்கள். இன்ஜினில் எரிந்து வரும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிக்கு, சொல்வது அந்தச் சென்சார். அது இல்லாவிட்டால் ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோலை விடுகிறது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தபடி இருந்தது, மைலேஜ் விழுந்தது, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட்டாசு போல வெடித்தது. கேட்டால், “புது சைலன்சர் பழகும் வரை விளக்கு எரியும் அண்ணே.” சைலன்சரை மாற்றினால் வேகம் கூடும் என்றும் சொல்லியிருந்தார். 349 சிசி இன்ஜின், 20 குதிரைத்திறனைச் சற்றே தாண்டும் வண்டி. குழாயை மட்டும் மாற்றி அதில் என்ன கூடிவிடும்? கூடியது சத்தம்தான். தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கோரிப்பாளையத்தில் போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். “போலீஸ் பிடித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்” என்று கடைக்காரர் அபயம் அளித்திருந்தார். சொன்னேன். அந்தப் பெயரைக் காவலர் பலர் வாயால் கேட்டிருப்பார் போலிருக்கிறது. முகத்தில் சிரிப்பு வந்தது, ரசீதுப் புத்தகம் உள்ளே போகவில்லை.

இதில் சட்டம் விளையாட்டல்ல. 175 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டி ஓடும்போது எழுப்பும் ஒலிக்கு 80 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆர்சி புத்தகத்தில் பதிவாகியிருக்கும் தயாரிப்பு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனியுங்கள், இது வண்டியின் உரிமையாளருக்கு. மாட்டிவிட்ட தம்பி அந்த நேரத்தில் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது டயர். இந்த வண்டியின் பின் டயர் 120/80-18. அதைவிட அகலமான டயரை அதே ரிம்மில் ஏற்றினால், ரிம் அதை இரு பக்கமும் பிடித்து இறுக்கும்; நடுப்பகுதி புடைத்துக்கொள்ளும். பார்ப்பதற்குப் பருமனாக இருக்கும் டயரில் சாலையைத் தொடும் பரப்பு எதிர்பார்த்தபடி கூடாது, வளைவில் வண்டி சாய்கிற விதமும் மாறிவிடும். புதிய டயர் என்று காசு வாங்கியிருந்தார்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளை ஒட்டி வரும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் டயரில் ஆண்டு 19. மாட்டியது 2024இல். என் சொந்த டயர், பாதிகூடத் தேயாதது, எங்கே என்று கேட்டால் “பழைய சாமான்காரர் எடுத்துப் போய்விட்டார்.”

அகல டயர் உரசுகிறது என்று, பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் காக்கும் சாரி கார்டையும் கழற்றிவிட்டார்கள். அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குக் கிளம்பும்போது ஏறி உட்கார்ந்தவர், “ஏன்டா, சேலையை எங்கே வைத்துக்கொள்வது?” என்று கேட்டபோதுதான் பார்த்தேன். பின்சக்கரத்தின் பக்கவாட்டில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி. ஆரங்களில் சேலை சுற்றினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. இதற்கு வயிறு எரிந்தது.

ஹேண்டில்பாரை உயர்த்தியவர்கள் கேபிள்களை மாற்றவில்லை. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு முன்னால் வண்டியை முழுவதுமாகத் திருப்பியபோது, ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே இன்ஜின் சீறியது. கேபிள் இழுபட்டுத் தானாகத் திறந்துகொண்டிருக்கிறது. முன் பிரேக் குழாயும் அப்படியே விறைத்து நின்றது. ஹேண்டில்பாரை மாற்றும் எண்ணம் இருந்தால், கடையை விட்டு வெளியே வருமுன் வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்து, இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறக்கூடாது, எந்தக் குழாயும் இழுபடக்கூடாது.

நான் கேட்டுப் போன விளக்குகள்தாம் உச்சம். இரண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் 40 வாட். 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 6.7 ஆம்பியர். அந்த மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தடித்த வயரில் போக வேண்டும். ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி; ஸ்விட்ச் அதை இயக்கினால் போதும். இவர்கள் ரிலேக்குக் காசு வாங்கிக்கொண்டு ரிலே வைக்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை பிளேடால் சீவி, மெல்லிய வயரைக் கையால் முறுக்கி, டேப் சுற்றிவிட்டார்கள். உசிலம்பட்டியைத் தாண்டி மழை பிடித்துக்கொண்டது. கணவாய் ஏற்றத்தில் கூடுதல் விளக்கும் அணைந்தது, ஹெட்லைட்டும் அணைந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஆண்டிபட்டி போய்ச் சேர்ந்தேன். மறுநாள் அங்கே ஒரு எலக்ட்ரீஷியன் டேங்கைக் கழற்றிக் காட்டினார்: பிளாஸ்டிக் உறை உருகி, இரண்டு வயர்கள் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. “நல்லவேளை சார், பெட்ரோல் டேங்குக்கு அடியில்” என்று மட்டும் சொன்னார். வயரை வெட்டியிருப்பதால் மின்சாரப் பாகங்களுக்கு வாரண்டி செல்லாது என்று சர்வீஸ் மையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதற்காக வண்டியில் எதையுமே மாற்றாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். என் வண்டியில் இன்றும் சில கூடுதல் பொருள்கள் இருக்கின்றன. நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு: ஸ்பேனரால் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும், வெட்டுவது, பற்றவைப்பது, சீவுவது எதுவும் கூடாது. நல்ல சீட், கிராஷ் கார்டு, பெட்டி மாட்டும் கம்பி, காற்றுத் தடுப்புக் கண்ணாடி, கைபேசிக்கு சார்ஜர் ஆகியவை கொடுத்த காசுக்கு நியாயம் செய்கின்றன. விளக்கு வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கென்றே கப்ளரோடு வரும் ரிலே வயரிங் தொகுப்பை வாங்குங்கள். ஒரு வயரைக்கூட வெட்டத் தேவையில்லை. ஹாலஜனுக்காக வடிவமைத்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பைச் செருகுவது எனக்குப் பிடிக்காத வேலை. வெள்ளையாக எரியும், உண்மைதான். ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும், நம் சாலையில் விழ வேண்டியது குறையும். டயர் தேய்ந்தால் அதே அளவில் நல்ல டயர் போடுவதைவிடச் சிறந்த மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை. வண்ணத்தை மாற்ற ஆசைப்பட்டால் முதலில் ஆர்டிஓ அலுவலகம். ஆர்சியில் நிறமும் பதிவாகியிருக்கிறது. எதை மாட்டினாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றால் இழப்பீடு கேட்கும்போது இழுத்தடிக்க அதுவே காரணமாகிவிடும்.

கடையில் பேசும்போது, மாட்டுவது எது, கழற்றுவது எது, விலை எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தாளில் இல்லாத வேலைக்குப் பணமில்லை என்றும் எழுதுங்கள். வண்டியை விடும் முன் சுற்றிலும் படம் எடுங்கள். குறிப்பாக சைலன்சர், டயர் எண், ஓடோமீட்டர். “பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி தனி” என்பார்கள். தனியாகவே கொடுங்கள். எனக்கு முதலில் கிடைத்தது வெறும் துண்டுச்சீட்டு. பிறகு சண்டை போட்டு வாங்கிய பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கவில்லை. தமிழ்நாட்டுப் பதிவுகள் எல்லாம் 33இல்தான் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஏமாந்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம். நான் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் கடைக்காரர் இறங்கி வந்தார். டயர் காசில் பாதியைத் திருப்பித் தந்தார். “இந்தாருங்கள் அண்ணே, உங்கள் சைலன்சர்” என்று ஒன்றையும் பெண்ட் பைப்போடு எடுத்து வந்து வைத்தார்.

அது என்னுடையதல்ல. என் சைலன்சரின் அடிப்பக்கத்தில் வீட்டு வாசற்படியில் இடித்த நீளமான நசுங்கல் உண்டு. வண்டியை விடும் முன் எடுத்த படத்திலும் இருக்கிறது. இவர் கொண்டுவந்ததில் அது இல்லை. முனையில் யாரோ ஆணியால் ‘எஸ்.கே.’ என்று கீறி வைத்திருக்கிறார்கள். “இது வேறொருவர் பொருள், ஆதாரமாக மட்டும் பெற்றுக்கொள்கிறேன்” என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கி எடுத்து வந்தேன். 2024இல் மதுரையில் கிளாசிக் 350 சைலன்சரைக் கடையில் விட்டுவிட்டு வந்த எஸ்.கே. யாராவது இதைப் படித்தால், வண்டியின் ஆர்சியோடு தொடர்புகொள்ளுங்கள். ஆணையத்தில் வழக்கு முடிந்ததும் தந்துவிடுகிறேன். அதற்கு முன் நீங்களும் ஒரு புகார் கொடுத்தால் இரண்டு வழக்குக்கும் நல்லது.